நான்காவது மொட்டை

இன்று தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில், என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். தலையில் அரை அங்குலத்துக்கு நரைமுடி.

உடம்புக்கு ஏதோ என்று நினைத்து, மெதுவாக, "ட்ரீட்மென்ட் எடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. திருத்தணி மொட்டை. இது நாலாவது."

"அவ்ளோ வேண்டுதலா?"

"மொத தடவை, பேரனுக்கு ஜுரம் எறங்கலன்னு வேண்டிக்கிட்டேன். போட்டுட்டு கண்ணாடி பாக்கவே பயம். முடி போனா பொம்பளைன்னு சொல்ல என்ன இருக்குன்னு நெனச்சிருந்தேன். பாத்தா ஒண்ணும் கொறையல. தலைதான் லேசாச்சு."

"அப்புறம் மூணு?"

"எனக்குப் புடிச்சிருக்கு, வெட்டிக்கிறேன்னா பையன் விடமாட்டான். சாமிக்குன்னு சொன்னா வாயத் தொறக்கமாட்டான்."

சொல்லிவிட்டு, வெளியே பார்த்தபடி தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

எனக்கு ஐம்பத்தெட்டு. மடியிலிருந்த பையில் அப்போதுதான் வாங்கிய ஹேர் டை. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாகிறது, இன்னும் பிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஜுரம் என்றால் சொல்லுங்கள். லேசாக இருந்தாலும் போதும்.