ஒன்றரை மூட்டை வைத்துப் பூட்டிய சைடுகார்

தென்காசியில் முதன்முதலாக ஸ்கூட்டருக்குச் சைடுகார் பூட்டி ஓட்டியவன் நான்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்ப வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பஜாரில் மூட்டை சுமந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் சொந்தமாக அரிசி மண்டி போட்டு உட்கார்ந்தவன். ஸ்கூட்டர் வாங்கியதும் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. என் வீட்டுக்காரி மட்டும் ஏற மாட்டேன் என்றாள்.

ஒரே ஒரு தடவை பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது என் சட்டையின் முதுகுத் துணி பாதி அவள் கையில் இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் சாரல் தொடங்கியதும் சிவகிரியிலிருந்து அவளுடைய அண்ணன் காரில் வந்து அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவார். மடியில் அண்ணன் பிள்ளைகள் இரண்டு, காலடியில் சாப்பாட்டுத் தூக்கு என்று அவள் நெருக்கியடித்துப் போவாள். எனக்கு அந்தக் காரில் இடம் கிடையாது, பஸ்ஸில் பின்னால் போவேன். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் காது கேட்கச் சொன்னேன்: "இந்தச் சாரலுக்கு உங்க தங்கச்சி எங்க வண்டியிலதான் வருவா."

வீட்டில் அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "ஒரு தடவ ஏறுதேன். பயமில்லாம போச்சுன்னா சரி. இல்லன்னா எப்பவும் அண்ணன் காருதான். அப்புறம் என்னையக் கூப்பிடப்படாது."

அந்த ஒரு தடவைக்காகத்தான் சைடுகார் தேடி அலைந்தேன். திருநெல்வேலியில் பட்டாள மோட்டார் சைக்கிளுடையது ஒன்று கிடந்தது. எருமைக் கன்றையே ஏற்றலாம், ஸ்கூட்டர்தான் இழுக்காது. மதுரையில் இரண்டு பார்த்தேன். ஒன்று படகு மாதிரி பளபளவென்று இருந்தது, ஆனால் கதவு இல்லை. சேலையைத் தூக்கிப் பிடித்து நடுத்தெருவில் காலை எட்டிப் போட்டு ஏற, என் வீட்டுக்காரி என்ன சர்க்கஸிலா இருக்கிறாள்? இன்னொன்றில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆனால் இடப்பக்கம் கொண்டி வைத்த கதவும், முன்னால் சாரலை மறிக்கக் கண்ணாடியும் இருந்தன. கதவைப் பத்துத் தரம் திறந்து மூடிப் பார்த்தேன். விற்றவர் சிரித்தார். சிரிக்கட்டும். அதையே வாங்கி அரிசி லாரியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பட்டறையில் பூட்டினோம். வெறும் சைடுகாரோடு ஒரு சுற்றுப் போய் இடப்பக்கம் திருப்பியதும், அதன் சக்கரம் நாய் காலைத் தூக்குகிற மாதிரி எழும்பியது.

"வெறும் வண்டி அப்படித்தான் அண்ணாச்சி," என்றார் பட்டறைக்காரர். "உள்ள ஆள உக்கார வச்சுத்தான், ஸ்கூட்டர எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்கணும்னு பாத்து முடுக்கணும். மதினிய ஒரு எட்டு கூட்டிட்டு வாங்க."

கரிக்கையோடு பத்துப் பேர் நிற்கிற இடத்தில் வீட்டுப் பெண்ணை ஏற்றி இறக்குவதா? எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லை.

"எடைதான வேணும்? மூட்டையக் கண்ணால பாத்தே எடை சொல்லுதவன் நான்," என்று சொல்லி, மண்டியிலிருந்து ஒரு முழு மூட்டையும் ஒரு அரை மூட்டையும் வரவழைத்து உள்ளே ஏற்றினேன்.

பட்டறைக்காரர் தயங்கினார். "மதினிய நான் பாத்திருக்கேனே அண்ணாச்சி..."

"குளிச்சிட்டு வரும்போது ஈரத்துணி இருக்கும்லா. அதையும் சேத்துதான். முடுக்கும்."

முடுக்கினார். மூட்டையோடு ஊரைச் சுற்றினேன். நூல் பிடித்த மாதிரி போயிற்று.

குற்றாலம் புறப்பட்ட அன்று அவள் கதவைத் திறந்து, உட்கார்ந்து, தானே கொண்டி போட்டுக்கொண்டாள். பஜார் வரை மெதுவாகப் போனதில் ஒன்றும் தெரியவில்லை. மேலகரம் தாண்டி வேகம் பிடித்ததும் வண்டி வலப்பக்கமாகவே, நடுரோட்டுக்கு இழுத்தது. எதிரே வந்த பஸ் ஆரன் அடித்து ஒதுங்கியது.

"ஏன் அந்தப் பக்கமே போகுது?"

"காத்து."

"காத்து எதுத்தாப்புலருந்துலா அடிக்குது?"

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

"எத வச்சு முடுக்குனிய?" என்று கேட்டாள்.

"மூட்டைய வச்சு."

"எத்தன?"

"ஒண்ணு. மேல ஒரு அரை."

அவளுடைய அண்ணன் கார் எந்நேரமும் பின்னால் வரலாம். அவள் இறங்கிக் கை காட்டினால் என் கதை முடிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரிப்பு.

"ஒண்ணர மூட்டையா, நானா? பட்டறையில நின்ன அத்தன பேரும் என்னைய என்ன நெனச்சிருப்பாவ? அதுக்கு நானே வந்து ஒருதரம் உக்காந்திருக்கலாம்."

சிரித்து முடித்துவிட்டு, ரோட்டோரம் பலாப்பழம் குவித்திருந்தவரைக் காட்டினாள். "கொறையுறத ஏத்துங்க. போவோம்."

இரண்டு பெரிய பழங்கள் அவள் காலடியில் ஏறின. வண்டி நேரானது.

அருவிக்கரையில் நாங்கள் இறங்கியபோது அவளுடைய அண்ணன் வந்து நின்றிருந்தார். வேறு வழியாக வந்திருக்கிறார். "என்ன மாப்ள, தங்கச்சியக் கூட்டிட்டு வருவியன்னு பாத்தா, பழ லோடு அடிச்சிட்டு வந்திருக்கிய?"

நான் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்: "உங்க கார்ல பழம் வைக்க எடம் ஏதுண்ணே? இதுல எனக்குத் தனிக் கதவே இருக்கு."

குளித்து முடித்தபோது சாரல் வலுத்துவிட்டது. "தங்கச்சி கார்ல வரட்டும் மாப்ள, நனைஞ்சிருவா," என்றார். கார்க் கதவைத் திறந்தும் பிடித்தார். நான் ஸ்கூட்டர் சாவியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஈரத்துணி மூட்டையைத் தூக்கிச் சைடுகாருக்குள் வைத்தாள். ஏறி உட்கார்ந்து கொண்டி போட்டாள். "பழம் ரெண்டையும் அண்ணன் கார்ல வச்சிருங்க. நமக்கு ஈரத்துணி போதும்."

தென்காசி வரை வண்டி கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது. மூட்டை தூக்கிய கைக்கு அதெல்லாம் ஒரு இழுப்பா.