சினியோரின்ர ரோபோக்களும் என்ர பழப்புளியும்

வீடு துடைக்கிற வேலையில தூசி ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டுக்காரர் ஆசையாச் சேர்த்து வைச்சிருக்கிற சாமான்தான் பிரச்சினை. நீங்களும் என்னை மாதிரி இத்தாலியில, பலெர்மோவில தும்புத்தடி பிடிக்கிற ஆளெண்டால் விளங்கும். என்ர சினியோருக்கு, அதுதான் வீட்டு முதலாளிக்கு, ஐம்பத்தஞ்சு வயசு. அலுமாரி முழுக்க யப்பான் ரோபோ பொம்மையள்.

வெறும் பெட்டி

முதல் கிழமை, மூலையில கிடந்த பழைய மட்டைப் பெட்டியளைக் குப்பைக்குக் கொண்டுபோய்ப் போட்டன். சினியோர் செருப்பும் இல்லாமல் படியால இறங்கி ஓடினார். திரும்பி வந்து ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தார். எழுபதுகளில யப்பானில உலோகத்தை உருக்கி அச்சில ஊத்திச் செய்த பொம்மையளாம். பிள்ளையள் பொம்மையை வைச்சுக்கொண்டு பெட்டியை எறிஞ்சுபோட்டினமாம். அதால இப்ப பெட்டிக்குத்தான் மவுசாம். நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன்.

குசினிக்குள்ள நிண்ட அவற்ர மனுசி சினியோரா சொன்னா: "எங்கட கலியாண அல்பம் எங்கையெண்டு இவரைக் கேள். தெரியாது."

பறந்த கை

ஒருநாள் குசினி வாசலடி அலுமாரியில தூசி தட்டேக்க ஏதோ விசையில விரல் பட்டிட்டுது. ரோபோவின்ர கை பறந்துபோய், அடுப்பில கொதிச்ச தக்காளிக் குழம்புக்குள்ள விழுந்தது. குழம்பு தெறிச்சு என்ர முழங்கை சிவந்துபோச்சு. சினியோர் பதறி ஓடிவந்து, சுட்டுப்போட்டுதோ எண்டு கேட்டார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. கொஞ்சம்தான் சினியோர், எரிவு குறைஞ்சிட்டுது எண்டன்.

"உன்னை இல்லை. பெயின்ட் போயிட்டுதோ எண்டு கேட்டனான்."

பழப்புளி

பிறகு பக்கத்து ஊர் பகேரியாவில ஒருத்தரிட்ட இருந்து இன்னொரு ரோபோ வந்தது. பழைய அசல், முழு உலோகமாம். எடுக்கிறதோ இல்லையோ எண்டு பின்னேரம் முடிவு சொல்லுறதெண்டு கொண்டு வந்து மேசையில வைச்சிட்டு சினியோர் வெளிய போயிட்டார். நெஞ்சுப் பக்கம் மங்கிப்போய்க் கிடந்தது. எங்கட ஆக்களுக்கு மங்கின உலோகத்தைக் கண்டால் கை சும்மா இராது. அண்டைக்குப் பல்லரோ சந்தையில வாங்கின பழப்புளி பையுக்குள்ள இருந்தது. உப்பும் சேர்த்து, குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி நல்லாத் தேய்ச்சன்.

வெள்ளிப் பூச்சு அப்பிடியே உரிஞ்சு கையோட வந்திட்டுது. அடுத்த மாசம் என்ர பெர்மெஸ்ஸோ, இங்க இருக்கிற அனுமதி, புதுப்பிக்க வேணும். அதுக்கு இந்த வீட்டு வேலைக் கடிதம் ஒண்டுதான் கதி. அது போனால் நான் இந்த நாட்டில இருக்கேலாது. ஒளிச்சு வைக்கவும் மனம் வரேல்லை. சினியோர் வந்ததும் உள்ளதைச் சொன்னன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். உரிஞ்ச இடத்தை நகத்தால சுரண்டினார். உள்ளுக்குள்ள வெள்ளைப் பிளாஸ்டிக். திருப்புளியால கழட்டினால், கனம் காட்ட ஒரு ஈயக்கட்டி. பகேரியாக்காரருக்குப் போன் எடுத்து அரை மணித்தியாலம் கிழிகிழியெண்டு கிழிச்சார். நான் ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டு, போகவோ எண்டு கேட்டன்.

"எங்கை போறாய்? கடிதம் நாளைக்குத் தாறன். ஞாயிற்றுக்கிழமை இன்னொருத்தரிட்ட ஒண்டு பார்க்கப் போறன், உன்ர புளியையும் எடுத்துக்கொண்டு வா."

பெர்மெஸ்ஸோ கிடைச்சிட்டுது, ஆனால் கிழமையில கிடைச்ச ஒரே ஒரு லீவு நாளான ஞாயிறு போயிட்டுது.