கிள்ளானில் எனக்கு வேலை தர மறுத்த பெண்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்த கையோடு நான் மலேசியாவுக்கு விமானம் ஏறினேன். தருமபுரி மாவட்டம் கடத்தூரில் வீட்டின் முன்னறையிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் நான். கணவர் இறந்த பிறகு அந்த மிஷின்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் மகள் ப்ளஸ் டூவுக்கு வந்து, நர்சிங் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அந்தச் செலவை நினைத்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவரைப் பற்றி யாரோ சொல்ல, தருமபுரிக்குப் போய்ப் பார்த்தேன்.

"தீபாவளி சீசன்ல அங்க டைலருங்க கெடைக்காம தவிக்கிறாங்க. இப்ப டூரிஸ்டா போயிடுங்க, வேல பாக்குற பர்மிட்டா அங்க போயி மாத்திக்கலாம்" என்றார் அவர்.

என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "சுத்திப் பாக்கப் போறவங்களுக்கு எப்பிடிக்கா வேல தருவாங்க?" என்று கேட்டான். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது குறுக்கே பேசுகிறானே என்று எனக்குக் கோபம். மகளை அவன் வீட்டில் விட்டுவிட்டு, அவனிடம் முகம் கொடுத்துப் பேசாமலேயே பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கோலாலம்பூரில் இறங்கியதும், எதற்கு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். சொல்லிக் கொடுத்தபடி, பத்துமலை முருகனைப் பார்க்க வந்தேன் என்றேன். தருமபுரிக்காரர் ஏற்பாட்டில் வெளியே எனக்காகக் காத்திருந்த ஆள், பக்கத்தில் கிள்ளான் என்ற ஊருக்கு அழைத்துப் போய், ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் விட்டார். அங்கே ஏற்கெனவே சில பெண்கள் இருந்தார்கள். "பர்மிட் போடணும், பாஸ்போர்ட் குடுங்க" என்று கேட்டார். பெட்டிக்குள் அடியில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் அது என் இடுப்புப் பையில்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் போனதும், விழுப்புரம் பக்கத்துப் பெண் ஒருத்தி என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "குடுத்துடாதீங்கக்கா. ஏங்கிட்ட வாங்குனத இன்னும் திருப்பித் தரல. கேட்டா நாளைக்கு நாளைக்குன்றாரு" என்றாள். ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். பர்மிட் வரவேயில்லை. போலீஸைப் பார்த்தாலே ஒளிந்துகொள்வதாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இடுப்புப் பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை நானாகவே வேலை தேடிக் கிளம்பினேன். அந்தத் தெருவில் நடந்தால் வெளிநாடு என்றே தோன்றாது. பூக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, எல்லாவற்றிலும் தமிழ்ப் பெயர்ப் பலகை. தீபாவளிக் கூட்டம் வேறு. ஒவ்வொரு தையல்கடையாக ஏறி இறங்கினேன். டைலர் என்றதும் முகம் மலர்ந்து வரவேற்பார்கள், நான் தைத்து உடுத்தியிருந்த ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "பெர்மிட் இருக்கா?" இல்லை என்றதும் முகம் மாறிவிடும்.

வெயில் ஏறிய நேரத்தில், சந்து முனையில் இருந்த சின்னக் கடை ஒன்றில் நுழைந்தேன். கழுத்தில் டேப் தொங்க, என் வயதையொத்த ஒரு பெண் துணி வெட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஜாக்கெட் துணிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. எப்போது கிடைக்கும் என்று வாடிக்கையாளர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆள் இல்லாமல் அவர் திண்டாடுவது பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நான் டைலருங்க. எவ்வளவு குடுத்தாலும் சரிங்க, இப்பவே உக்காந்து தைக்கிறேன்" என்றேன்.

அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். டூரிஸ்டாக வந்திருக்கிறேன் என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "முடியாதுக்கா. செக்கிங் வந்தா எனக்கு அபராதம். அது போகட்டும்லா, உங்களைப் பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்க. யாரு உங்களை இப்படி அனுப்பினது?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அந்தக் கடையில் வைத்துப் பொங்கி வந்துவிட்டது. அவர் என்னை உட்கார வைத்து, நம் ஊர் போர்ன்விட்டா மாதிரி அங்கே குடிக்கும் மைலோ ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்தார். பிறகு, "பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கி முத்திரையைப் பார்த்தார். டூரிஸ்ட் என்று காட்டத் தருமபுரிக்காரர் சேர்த்தே எடுத்துக் கொடுத்திருந்த, திரும்பிப் போகும் டிக்கெட்டையும் பார்த்தார். "இது ரெண்டும் கையில இருக்குல்ல? அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல" என்று சொல்லி எழுந்தார்.

தீபாவளி சீசனில், அத்தனை வேலையையும் அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். என்னோடு அந்த அறைக்கு வந்தார். என் பெட்டியை எடுக்கும்போது அந்த ஆள் வந்து வாசலை மறித்துக்கொண்டார். இந்த அம்மா தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்: "இவங்க என் அக்கா. ஊர்லேர்ந்து சுத்திப் பாக்க வந்திருக்காங்க. என் வீட்லதான் தங்குவாங்க. வழி விடுறியா, போலீஸைக் கூப்பிடவா?" கீழே ஆட்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஆள் ஒதுங்கிவிட்டார். விழுப்புரத்துப் பெண்ணும் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

டிக்கெட் தேதி வரும்வரை அவர் வீட்டில்தான் இருந்தேன். கடையில் அவர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பெரிய தண்டனை. ஒரு நாள் ஊசி நூலையாவது எடுப்போம் என்று கை நீட்டினேன். கையிலிருந்து பிடுங்கிவிட்டார். "மிஷின்ல உக்காந்தா நீங்க வேலைக்காரி. சாப்பாட்டுக்கு உக்காந்தா விருந்தாளி. விருந்தாளியா இருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பத்துமலைக்குக் கூட்டிப் போனார். "ஏர்போர்ட்ல சொன்ன பொய்யை உண்மையாக்கிடலாம் வாங்க" என்று அவர் சொன்னதும் படியில் நின்றபடியே இருவரும் சிரித்தோம். அந்த ஊருக்குப் போனதிலிருந்து நான் சிரித்தது அப்போதுதான்.

விழுப்புரத்துப் பெண்ணுக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பாஸ்போர்ட் இல்லாததால் நம் நாட்டுத் தூதரகத்துக்குப் பலமுறை அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் இந்த அம்மாதான் கூடப் போனார். சில மாதங்கள் கழித்து அவளும் ஊர் வந்து சேர்ந்தாள்.

நான் திரும்பி வந்த அன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மழை. தம்பி வண்டியோடு நின்றிருந்தான். என்ன சொல்லப் போகிறானோ என்று தலை நிமிராமல் போனேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, "உன்ன கேட்டு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ஜாக்கெட் துணியக் கொண்டாந்து எங்க வூட்ல குடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா. தீபாவளிக்குள்ள எப்பிடி முடிக்கப் போற?" என்றான். மலேசியாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குத் தைக்க உட்கார்ந்தவள்தான். கிள்ளானில் பார்த்த கழுத்து மாடல்களைத் தைத்துக் கொடுக்க, அரூரிலிருந்துகூடப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கடைவீதியில் சின்னதாக ஒரு இடம் பிடித்தேன். இப்போது என்னோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். மகள் நர்சிங் இரண்டாம் வருடம்.

போன மாதம் கிள்ளானிலிருந்து போன். "அக்கா, வெளிநாட்டு ஆள் எடுக்க எனக்கு அனுமதி கிடைச்சிருச்சு. முறையா பெர்மிட்டோட கூப்பிடுறேன், வரீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்க எனக்கே ஆள் பத்தலைங்க!" என்றேன். அந்தப் பக்கம் அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் நினைத்திருந்தால் அன்று என்னைப் பின்னறையில் உட்கார வைத்து அந்த சீசனையே ஓட்டியிருக்கலாம்; நானும் கும்பிட்டுக்கொண்டே தைத்திருப்பேன். தனக்கு அவ்வளவு தேவை இருந்தும், முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த அந்த மனசு, கஷ்டத்தோடு என் கடை வாசலில் யார் வந்து நின்றாலும் எனக்கு என்ன லாபம் என்று முதலில் யோசிக்க என்னை இன்றுவரை விட்டதில்லை.