றோஸ் பாண் போட ஆள் தேவை

வெளிநாட்டுப் படிவம் நிரப்பிக் குடுக்கிற தொழிலில ஒரு நியாயமும் கிடையாது: விசா கிடைச்சால் அது பிள்ளையார் குடுத்தது, கிடையாட்டில் அது நான் பிழையா நிரப்பினது.

சண்டிலிப்பாயில, றோட்டுக்கரையில இருக்கிற எங்கடை வீட்டின்ரை முன்னறைதான் என்ரை கந்தோர். ஒரு கொம்பியூட்டர், ஒரு பிறிண்டர், ரெண்டு பிளாஸ்ரிக் கதிரை. ஒரு கதிரை வாற ஆக்களுக்கு. மற்றதில என்ரை மாமி, இவற்றை தாய், இருப்பா. ஆர் எந்த நாட்டுக்கு வெளிக்கிடினம் எண்டு அறியாட்டில் மனுசிக்குச் சோறு இறங்காது.

வீட்டில ஒருத்தர் கனடாவில விசிட்டரா நிக்க, இஞ்சை நீங்கள் போனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியளோ? அப்ப நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும். மற்றவைக்கு நிரப்பி நிரப்பிக் கடைசியா என்ரை மனுசனுக்கே நிரப்பின கதை இது.

ஏன் திரும்பி வருவியள்?

விசிட்டர் விசாவில வில்லங்கமான இடம் ஒண்டுதான். போற ஆள் திரும்பி வருவார் எண்டதுக்குக் காரணம் காட்ட வேணும். காணி இருக்கு, தோட்டம் இருக்கு, வயசான தாய் இருக்கிறா எண்டு நான்தான் இருந்து யோசிச்சு எழுதுவன். உடுப்பிட்டியில இருந்து வந்த ஒரு ஐயாவிட்டை இதைக் கேட்க, அவர் என்னை ஒரு விசரியைப் பாக்கிற மாதிரிப் பாத்தார். "பிள்ளை, திரும்பி வாறதெண்டால் நான் ஏன் போறன்?"

என்ரை மனுசன் குகன் சந்திப் பேக்கரியில போறணை அடுப்பில பாண் சுடுறவர். இவர் போடுற, நல்லா முறுகின தட்டை றோஸ் பாணுக்கு ஊரில தனிப் பேர். கனடாவில இவற்றை தமக்கையின்ரை மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. தாய்மாமன் நிக்காமல் செய்யேலாது. படிவத்தில அந்த இடம் வந்தவுடன, "இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்னத்தைக் காட்டுறது? காணியும் இல்லை, தோட்டமும் இல்லை" எண்டு கேட்டன். இவர் மா அப்பின கையைத் துடைச்சுக்கொண்டு, யோசிக்காமலே சொன்னார். "உம்மைத்தான் எழுதும்."

வாயால போட்ட பாண்

விசா வந்தது. சாமத்திய வீடும் முடிஞ்சது. விசிட்டராப் போனவருக்கு நிக்க இன்னும் மாசக்கணக்கா நாள் இருந்தது, செய்யத்தான் ஒண்டும் இல்லை. தமக்கை வீட்டுக்குக் கிட்ட எங்கடை ஊர்க்காரர் ஒருத்தற்றை பேக்கரி இருந்தது. சிவம் அண்ணை எண்டு பேர். இவர் ஒவ்வொரு நாளும் அங்கை பாண் வாங்கப் போவார்.

விசிட்டர் வேலை செய்யக்கூடாது. இவர் அதில வலு கவனம். மாவில விரல் பட்டாலே பொலிஸ் வரும் எண்ட பயத்தில ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கொண்டு, கவுண்டருக்கு இஞ்சாலையே நிண்டு, "அண்ணை, தண்ணி கூடிப் போச்சு. அண்ணை, போறணை இன்னும் சூடேற வேணும். அண்ணை, றோஸ் பாணுக்கு அடி கொஞ்சம் கருக வேணும்" எண்டு சொல்லிக்கொண்டே நிப்பார். கொஞ்ச நாளில அந்தப் பாண், சந்திப் பேக்கரிப் பாண் மாதிரியே வரத் தொடங்கீற்றுதாம். சிவம் அண்ணை ஒரு துண்டைப் பிச்சு வாயில போட்டிட்டுச் சொல்லியிருக்கிறார். "தம்பி, இவ்வளவு நாளும் நீர் வாயாலதான் பாண் போட்டனீர். இனி முறைப்படி கையால போடும், பேப்பர் செய்வம்."

இவர் போனில இதைச் சொல்ல நான் துள்ளாத குறை. முதலாளி பொறுப்பெடுத்து வேலை அனுமதி எடுத்தால், பேந்து என்னையும் அங்கை கூப்பிடலாம். கிடையாட்டில் விசிட்டர் தவணை முடிய இவர் பிளேன் ஏற வேண்டியதுதான். நான் அந்தக் கிழமையே போய் ஒரு தடிச்ச சுவெற்றர் வாங்கி அலுமாரிக்குள்ள வைச்சன். இஞ்சை வெயிலுக்கு அதைத் தொட்டுப் பாக்கவே வேர்த்தது.

திறமான ஆள்

இவர் பேக்கரியில வேலை செய்தவர் எண்டு பழைய முதலாளியிட்டை இருந்து கடிதம் வேணுமெண்டு கனடாவில கேட்டிச்சினம். சந்திப் பேக்கரி மார்க்கண்டு அண்ணை நல்ல மனுசன். உடன எழுதித் தந்தார். குகன் எங்களிட்டைக் கன வருசம் வேலை செய்தவர், அவர் போனதுக்குப் பிறகு பாண் சரிவருகுதில்லை, சனம் திட்டுது, தயவுசெய்து கெதியாத் திருப்பி அனுப்பவும்.

கடைசி வரியை எடுத்துப்போட்டு, திறமான வேலைக்காரன் எண்டு ஒரு சொல்லுப் போடுங்கோ எண்டு கெஞ்சினன். மாட்டன் எண்டு ஒரே பிடி. கடைசியில அந்த வரியோடையே மொழிபெயர்த்து அனுப்பினன், வேற என்ன செய்யிறது? போகேக்கை திரும்பி நிண்டு கேட்டார். "திறமான ஆள் எண்டு நான் எழுதினால், உவங்கள் அவனைத் திருப்பி அனுப்புவாங்களோ?"

நாவூறு

அங்கத்தைச் சட்டம் இப்பிடி: முதலாளி முதல்ல வேலைக்கு ஆள் தேவை எண்டு விளம்பரம் போட வேணும். அந்த நாட்டு ஆக்களில ஒருத்தரும் சரிவரேல்லை எண்டு காட்டினால்தான் வெளியாளை எடுக்கலாம். சிவம் அண்ணை போட்டார். றோஸ் பாண் போடத் தெரிந்த ஆள் தேவை.

இஞ்சை எங்கடை மாமி, காரியம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, நாவூறு பட்டிடும் எண்டு நிண்டா. குகன் எங்கை எண்டு கேட்டால், கொழும்பில நிக்கிறான் எண்டுவா. சாமத்திய வீட்டுப் படத்தில இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிண்டதை ஊரே பாத்திட்டுது. அதுக்குப் பிறகும் கொழும்புதான்.

ஒரு நாள் அந்த விளம்பரத்தை மாமிக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத் தேத்தண்ணி போட உள்ளை போனன். நான் திரும்பி வர முதல், மனுசி கொம்பியூட்டரைத் தன்ரை போனால படம் பிடிச்சு, எங்கடை ஊர்ச்சனம் எல்லாம் இருக்கிற வட்சப் குழுவில போட்டிட்டா. குகன்ரை பேரை மட்டும் கவனமா விட்டிட்டா. "எங்கடை ஊர்க்காரர் ஒருத்தற்றை பேக்கரி, ஆளில்லாமல் அந்தரப்படுகுதாம், கனடாவில இருக்கிற ஆக்கள் ஒருக்காப் போய் உதவுங்கோ" எண்டு போட்டிருந்தா. ஏன் மாமி இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு நான் தலையில கையை வைச்சன். மாமி ஆறுதலாத் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு சொன்னா. "விளம்பரமெண்டால் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமே?"

வாசலில சனம்

நாலு பேருக்கில்லை, நாட்டுக்கே தெரிஞ்சு போச்சு. எங்கடை சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. பக்கத்து வீட்டுக்காரனோட வேலிச் சண்டை பிடிக்கும், ஆனால் ஊர்ப்பேரைச் சொல்லி உதவி எண்டு கேட்டால் படுக்கையில கிடக்கிறதும் எழும்பி வரும். பென்சன் எடுத்த வாத்தியார் ஒருத்தர் வந்தாராம். வல்வெட்டித்துறைக்காரர் ஒருத்தர், முந்திக் கப்பலில சமைச்சவராம். ஒரு அன்ரி மா அரிக்கச் சொந்தமா அரிதட்டும் கொண்டு வந்து நிண்டாவாம். எல்லாரும் அந்த நாட்டுப் பிரசைகள்.

அதிலை ஒருத்தர் முந்தி இஞ்சையே பேக்கரி வைச்சிருந்தவர். அவருக்குப் பாண் போடத் தெரியாது எண்டு எழுதச் சிவம் அண்ணைக்குக் கை வரேல்லை. எனக்குப் போன் எடுத்தார். மனுசன் அழாத குறை. "தங்கச்சி, நான் ஆளில்லை எண்டு எழுத வேணும். இஞ்சை வாசலில நிக்க இடமில்லை."

விட்டுக்குடுத்தவை

நான் கத்தின கத்தில மாமிக்கு விளங்கீற்றுது. நாவூறாவது ஒண்டாவது எண்டு, போனை எடுத்து எல்லாருக்கும் தானே கதைச்சா. அது எங்கடை குகனுக்குப் பாத்து வைச்ச வேலை, குறை நினையாதேங்கோ, விலகுங்கோ எண்டா. ஒருத்தரும் கோவிக்கேல்லை. எல்லாரும் நல்ல மனதோட விலகிச்சினம்.

விலகினதோட நிண்டிருந்தால் பரவாயில்லை. முறையா அறிவிக்க வேணும் எண்டு ஒவ்வொருத்தரும் பேக்கரிக்குக் கடிதம் போட்டிட்டினம். இந்த வேலை குகனுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது எண்டு அறிந்து மனமுவந்து விட்டுக்குடுக்கிறேன் எண்டு. வாத்தியார் இன்னும் ஒரு படி மேல போய், பெடியனுக்கு வாழ்த்தும் எழுதியிருந்தார். வந்த கடிதத்தை எல்லாம் அரசாங்கத்துக்குக் காட்ட வேணும், ஒளிக்கேலாது. காட்டினால், ஆளை முதலே பாத்து வைச்சிட்டுச் சும்மா போட்ட விளம்பரம் எண்டு ஆகீடும். சிவம் அண்ணையின்ரை லோயர் எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டி வைச்சாராம். "இவ்வளவு நேர்மையான சனத்தை வைச்சுக்கொண்டு என்னால ஒண்டும் செய்யேலாது."

கொழும்பால வந்தவர்

அந்த முன்னாள் பேக்கரிக்காரருக்கே சிவம் அண்ணை வேலையைக் குடுத்தார். அதுதான் நியாயமும். களவா நிண்டு பாப்பமோ எண்டு நான் இவரைக் கேட்கேல்லை. கேட்டாலும் நிண்டிருக்க மாட்டார். அண்டைக்கு அலுமாரியைத் திறந்து அந்தச் சுவெற்றரைக் கண்டன். உங்களுக்கு ஏன் பொய் சொல்லுவான், அதுக்குள்ள முகத்தை வைச்சு நல்லா அழுதன். மாமி வாசலில நிண்டிட்டு, உள்ளை வராமல் போயிட்டா.

தவணை முடிய முதல் இவர் வந்து இறங்கினார். முற்றத்தில பெட்டியை வைக்க, பக்கத்து வீட்டு அக்கா வேலியால எட்டிப் பாத்து, "குகன், கொழும்பில வெயிலோ?" எண்டு கேட்டா. இவரும் சிரிக்காமல், ஓமக்கா, சரியான வெயில் எண்டார். என்னைப் பாத்தவுடன பெட்டியைத் திறந்து, சிவம் அண்ணையின்ரை கடையில இருந்து துணியில சுத்திக் கொண்டு வந்த ஒரு றோஸ் பாணை எடுத்துத் தந்தார். கல்லு மாதிரி இருந்தது. தேத்தண்ணியில தோய்ச்சுத் தோய்ச்சு மூண்டு பேரும் சாப்பிட்டம். எனக்குக் கவலையும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. எது கூட எண்டு மட்டும் கேளாதேங்கோ.

விடிய மார்க்கண்டு அண்ணை சைக்கிளில வந்திட்டார், இவரைப் போறணைக்குக் கூட்டிக்கொண்டு போக. என்ரை கொம்பியூட்டரையும் பிறிண்டரையும் ஒரு பார்வை பாத்தார். "பாத்தியோ பிள்ளை, நீ நிரப்பினது ஒண்டும் சரிவரேல்லை, நான் எழுதின ஒரு வரி வேலை செய்திருக்கு."

திரும்பி வருவினம் எண்டு இந்தக் கதிரையில இருந்து நான் எத்தினையோ பேருக்கு எழுதிக் குடுத்திருக்கிறன், அதிலை எழுதின மாதிரியே திரும்பி வந்த மனுசன் என்ரை மனுசன் ஒருத்தர்தான்.