ஒரு கேலனுக்கு இருபத்திரண்டு மைல்

அப்பா கஞ்சனாகிவிட்டார் என்று நான் முடிவுகட்டியபோது எனக்கு ஒன்பது வயது.

ரங்கூனின் லான்மடா பேட்டையில் பெரியப்பாவுக்குக் கயிறும் தார்ப்பாயும் சாக்கும் விற்கும் கடை இருந்தது. கடைக்கு மேலே மாடியில் இரண்டு குடும்பமும் ஒன்றாகக் குடியிருந்தோம். கடையின் பழைய ஜப்பான் பிக்கப் வண்டியை ஓட்டுவது அப்பாவின் வேலை. போட்டாதாங் படகுத்துறையிலிருந்து சரக்கு ஏற்றிவந்து இறக்குவார். பிறகு ஊர் முழுக்கச் சுற்றி வாடிக்கைக்காரர்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். தினமும் காலையில் பெரியப்பா பீப்பாயிலிருந்து இரண்டு கேலன் டீசலைக் கையாலேயே அளந்து ஊற்றுவார். வண்டி என்னைவிட மூத்தது. சாயங்காலத்துக்குள் அத்தனையையும் குடித்துவிட்டு இருமிக்கொண்டே வந்து நிற்கும். வண்டி என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. சோறு தின்னும்போது பாதியில் எழுந்துபோய் சக்கரத்தில் காற்றை அழுத்திப் பார்த்துவிட்டு வருவார். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டித் தட்டி, எங்கள் மாடிப்படி முழுக்கத் தூசியாக்கினார். வண்டியின் பின்பக்கத்தில் கூரைபோல நின்ற இரும்புச் சட்டத்தை அறுத்து எடுத்தார். உட்காரும் பலகைகள் போயின. மாற்றுச் சக்கரம்கூட வீட்டுக்கு வந்து எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடியேறியது. "வழியில பஞ்சரானா என்ன பண்ணுவீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "ஆகாது" என்றார்.

ஒருநாள் மெக்கானிக் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டான். அது அரைச்சுற்றுக்குமேல் போகாமல் நின்றது. பர்மாக்காரப் பையன், எங்களோடு பழகித் தமிழ் பேசுவான்; அப்பாவை மட்டும் பர்மியத்தில் 'ஊலே', மாமா, என்பான். அவன் சிரித்தான்.

"ஊலே, இத்தனை வருஷமா பிரேக்கைப் புடிச்சுக்கிட்டேதான் ஓட்டியிருக்கீங்க."

அப்பா சிரிக்கவில்லை. அந்தச் சக்கரம் கை தொட்டவுடன் லேசாகச் சுற்றுகிறவரை அவனை விடவில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் நான் வண்டியில் கூடப் போவேன். எனக்கு அங்கே உத்தியோகம் உண்டு. எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்த நான் தலையை நீட்டிப் பார்த்து, "போலாம்பா" என்று சொல்ல வேண்டும். அந்த வேலையையும் அப்பா பிடுங்கிவிட்டார். யாரையும் தாண்டுவதில்லை. நாற்பதைத் தாண்டி முள் ஏறக் கூடாது. சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுவார். ஏப்ரல் வெயிலில் காற்றில்லாமல், தகரப் பெட்டிக்குள் அடைத்த கோழிக்குஞ்சுபோல நான் நெளிவேன். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் எங்களைத் தாண்டிப்போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வரும். அப்பாவோ விரல்களால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு அவசரப்படுகிற மனிதர் ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

மீட்டர் எண்ணைப் படித்துச் சொல்வது என் புதிய வேலையானது. கிலோமீட்டரை அப்பா மனக்கணக்காகவே மைலாக்கிக் கேலனால் வகுப்பார். பதிமூன்றில் இருந்தது பதினாறாயிற்று, பத்தொன்பதாயிற்று. இருபத்திரண்டு வந்த அன்று எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தந்தார். பெரியப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று நான் குதித்தேன்.

"அவர்கிட்ட சொல்லாதே" என்றார் அப்பா.

"ஏன்பா?"

"சொன்னா அளவைக் குறைச்சுடுவாரு."

மிச்சப்படுத்தியதைச் சொல்லாமல் இருக்க எதற்கு மிச்சப்படுத்த வேண்டும்? கஞ்சத்தனத்தில் இது எந்த ரகம் என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.

வீட்டில் சொல்லக் கூடாத இன்னொன்றும் இருந்தது. அது அக்காவின் பெயர். முந்தைய மழைக்காலத்தில் அவள் ஒரு பர்மாக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பெரியப்பா கோயில் கமிட்டியில் இருந்தார். அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்கள். அவள் இந்தப் படி ஏறினால் நீங்கள் எல்லோரும் படி இறங்கலாம் என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்பாவும் எல்லோர் முன்னாலும், "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று என்னைக் காட்டினார். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமைகளில் மட்டும் அப்பா என்னை மத்தியானமே வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகப் போவார். ஒரு சனிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள், கடையும் வீடும் பூட்டியிருந்தன. அப்பா பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஏறு" என்றார்.

வெகுதூரம் வடக்கே போனோம். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரிக்கு எதிரே, ஒரு மரத்தின் பின்னால் வண்டியைப் பாதி மறைத்து நிறுத்தினார். சரக்கு ஒன்றும் இல்லை, இறங்கவும் இல்லை. நிமிஷத்துக்கொரு தரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஃபேக்டரிக் கதவு திறந்து, டிபன் கேரியரும் குடையுமாகப் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள்.

என் பக்கம்தான் கதவு தெரிந்தது. அந்தக் கூட்டத்தில், கன்னத்தில் பர்மாக்காரிகளைப்போலத் தனக்காப் பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, லுங்கியை உயர்த்திக் கட்டி, அக்கா மெதுவாக நடந்து வந்தாள்.

"அக்கா!" என்று கத்தினேன்.

அப்பாவின் கை என் வாயைப் பொத்த வந்து நடுவழியில் நின்றது. பிறகு சாவிக்குப் போயிற்று. எஞ்சினை முடுக்கினார். வண்டி கிளம்பியும்விட்டிருக்கும். ஆனால் அக்கா அதற்குள் சாலையைக் கடக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பக்கமும் பார்க்காமல் வந்தாள். அப்பா எஞ்சினை அணைத்தார்.

அவள் என் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். என் தலையைத் தடவினாள். என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள்.

"எப்படிப்பா வந்தீங்க? பெரியப்பாவுக்குத் தெரியாதா?"

அப்பா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டி முன்ன மாதிரி இல்ல. இப்போ கேலனுக்கு இருபத்திரண்டு மைல் குடுக்குது."

அக்கா எட்டி மீட்டர் பலகையைப் பார்த்தாள்.

"முன்சக்கரத்துல பிரேக் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைச் சரி பண்ணோம். வாரம் பூரா மிச்சம் புடிச்சா, இங்க வந்து போக சரியா இருக்கு."

"எத்தனை வாரமா வர்றீங்க?"

"ஆறேழு இருக்கும்."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தனக்கா விரலில் ஒட்டி முகமெல்லாம் கோடு கோடாயிற்று. வண்டி நன்றாக ஓடுகிறது என்பதற்கு ஒருத்தி ஏன் அழவேண்டும்? அப்பா என் பக்கத்து ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினார். அது அவள் தோள்வரை எட்டவில்லை. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்சம் நகரும்மா" என்று அவர் சொல்லியிருந்தால் நகர்ந்திருப்பேன்.

திரும்பி வரும்போது, வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்றார். நான் விடவில்லை. அப்பா அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். மறுநாள் அம்மாவிடம் ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன்.

"அம்மா, ஃபேக்டரியில வேலை பார்த்தா வயிறு மட்டும் குண்டாகுமா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "ஆகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்துபோனாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அம்மா ஒரு பெரிய மூட்டையைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு இறங்கினாள். அரிசி, கருவாடு, கருப்பட்டி, ஒரு ஜாடி ஊறுகாய். அதற்குமேல் அவளுடைய பழைய நூல்புடவைகள், துவைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்தவை. பெரியப்பா பூஜையில் இருந்தார். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டுக் கயிறு எடுக்கக் கடைக்குள் போனார்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. வண்டிப் பாரத்தை ஒவ்வொரு ராத்தலாகக் குறைத்து நாங்கள் சேர்த்த மைல்கள்! அரிசியைக்கூட மன்னிக்கலாம். கிழிந்த துணியை யாராவது டீசல் செலவழித்து அனுப்புவார்களா? யாரும் பார்க்காத நேரத்தில் மூட்டையை அவிழ்த்து, அந்தத் துணிகளில் பாதியை உருவிக் கடைச் சாக்குகளுக்கு அடியில் செருகினேன். வண்டி கிளம்பும்போது அப்பாவுக்கு ஒரு மைலாவது கூடக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, அன்று முழுக்க மிகவும் திருப்தியாக இருந்தேன்.