கறுப்பு ஜன்னலில் கேள்விக்குறி

நர்சிங் பயிற்சிக் கல்லூரியின் விண்ணப்பப் பிரிவில் 'கறுப்பு ஜன்னல்' என்றால் தோட்டக்காரருக்குக்கூட யாரென்று தெரியும். மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் மெஷினுக்கும் கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் நடுவே அவளுடைய மேசை. மற்றவர்களின் கம்ப்யூட்டரில் கலர் கலராகப் பட்டன்கள் தெரியும். அவளுடையதில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கண்சிமிட்டும் ஒரு கோடு, அவ்வளவுதான். பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணி. பதினோரு வருடம் எந்த அகராதியில் தற்காலிகம் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த அகராதி நிர்வாகத்தின் பீரோவில் பூட்டி இருக்கிறது. இந்த வருடம்தான் ஒரு நிரந்தர இடம் காலியானது. அதற்கான கோப்பில் அவள் பெயர் ஒன்றுதான் இருந்தது. முதல்வர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் வெப்சைட் பி.எச்.பி.யில் எழுதியது. வெப்சைட்டுகளுக்கென்றே உண்டாக்கிய மொழி அது. விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப அதில் ஒரு பக்கம் இருந்தது. மேலாளர் ப்ரௌசரில் அதைத் திறந்து பட்டனை அமுக்குவார். முப்பது வினாடி ஓடும், பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். பாதிப் பேருக்குப் போயிருக்கும், மீதிப் பேருக்குப் போயிருக்காது. மேலாளர் விடாக்கண்டன், மறுபடி அமுக்குவார். முதல் பாதிக்கே இரண்டாம் முறையும் போகும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவள் இதைச் சரி செய்தாள். ப்ரௌசரே வேண்டாம், கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் அதே மொழி நேரடியாக ஓடும், அங்கே முப்பது வினாடிக் கெடு கிடையாது என்று சொன்னாள்.

"வெப்சைட்டுக்கு எழுதுனது வெப்சைட் இல்லாம எப்படிம்மா ஓடும்?" என்று மேலாளர் சிரித்தார்.

ஓடியது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. அந்த வருட அறிக்கையில் அது 'மேலாளரின் புதிய முயற்சி' என்று அச்சானது. அவளுக்குப் பட்டப்பெயர் மிஞ்சியது.

இதில் ஒரு சின்ன சமாசாரம் இருக்கிறது. அதுதான் பின்னால் அவள் குடியைக் கெடுத்தது. ப்ரௌசர் காலத்தில் சோதனை பார்க்க வேண்டுமென்றால் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, டெஸ்ட் சமம் ஒன்று என்று சேர்ப்பார்கள். செய்தி அலுவலகப் போனுக்கு மட்டும் வரும். கறுப்புத் திரையில் முகவரி ஏது? அங்கே ஸ்கிரிப்டின், அதாவது செய்தி அனுப்புகிற நிரலின், பெயரைத் தட்டி, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு, டெஸ்ட் என்று தட்ட வேண்டும். இடம் விட்டு வேறு எதைத் தட்டினாலும் ஸ்கிரிப்டுக்கு அது காதில் விழாது, நிஜமாகவே அனுப்பிவிடும். இதை மேலாளருக்கு மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவை தாளில் எழுதியும் கொடுத்தாள். அவர் நன்றாகத் தலையை ஆட்டினார்.

அன்று மதியம் அவள் சாப்பிடக் கிளம்பும்போது மேலாளர் வந்தார்.

"சிஸ்டத்த மூடிறாதம்மா. அப்படியே திறந்து வெச்சிட்டுப் போ. மெசேஜ் எப்படி வருதுன்னு பார்த்துட்டு முதல்வர்கிட்ட காட்டணும்."

"நான் வந்து காட்டறேனே சார். பத்து நிமிஷம்."

"ஏன், எனக்குத் தெரியாதா? நீ போய் நிம்மதியா சாப்பிடு."

டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது அலுவலகத்தில் இருந்த ஐந்து தொலைபேசியும் ஒன்றாக அலறிக்கொண்டிருந்தன. கறுப்புத் திரையில் 'அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது' என்று வரிவரியாக ஓடி முடிந்திருந்தது. நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வரிகள். 'வாழ்த்துகள், நீங்கள் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டீர்கள்.' இருந்த இடங்கள் நூற்று நாற்பது. தேர்வானவர்களின் பட்டியல் இன்னும் வரவே இல்லை. கணினியில் கிடந்தது விண்ணப்பித்த அத்தனை பேரின் பட்டியல்.

அவள் டிபன் பாக்ஸை அப்படியே மேசைமேல் வைத்தாள். உட்கார்ந்து, மேல் அம்புக்குறியை அமுக்கினாள். கடைசியாகத் தட்டிய வரிகளை அந்தத் திரை அப்படியே வைத்திருக்கும். இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் ஸ்கிரிப்டின் பெயரோடு ஒட்டி ஒரு கேள்விக்குறி, டெஸ்ட் சமம் ஒன்று. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கணினி மறுத்திருந்தது. இரண்டாவது வரியில் கேள்விக்குறியை எடுத்துவிட்டு, இடம் விட்டு, டெஸ்ட் சமம் ஒன்று. அதைக் கணினி மறுக்கவில்லை.

கறுப்புத் திரையில் கேள்விக்குறி போடுகிற ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். கையெழுத்துப் போட்டு வைத்தது போல இருந்தது.

"சார், இத நீங்கதானே தட்டுனீங்க?"

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நானா? இந்தக் கறுப்பு கிறுப்பெல்லாம் எனக்கு எங்கம்மா தெரியும்? நீ ஏதாவது பாதியில விட்டுட்டுப் போயிருப்ப, நல்லா யோசிச்சுப் பாரு."

கூசாமல் சொன்னார்.

வீட்டில், லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்துரு. நிரந்தரம் கைக்கு எட்டற நேரம். வீம்பு வேணாம்."

"செய்யாததுக்கு எதுக்குங்க எழுதணும்?"

"செஞ்சவங்க எழுதறதா இருந்தா உலகத்துல கடிதமே இருக்காது."

அவள் எழுதவில்லை. அதற்குப் பதிலாக அந்த இரண்டு வரிகளை அச்செடுத்து, விசாரணைக்குக் கொண்டு போனாள். முதல்வர், துணை முதல்வர், வெளியிலிருந்து வந்த வக்கீல் என்று மூன்று பேர். மேலாளர் சுவரோரமாகப் பவ்யமாக உட்கார்ந்திருந்தார். அவள் விளக்கினாள். ப்ரௌசருக்கு ஒரு முறை, கறுப்புத் திரைக்கு வேறு முறை, இங்கே கேள்விக்குறி போட மாட்டோம், ப்ரௌசரிலேயே பழகியவர்தான் போடுவார் என்று. இரண்டாம் தடவையும் விளக்கினாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு கேள்விக்குறிக்கா இவ்வளவு பேச்சு?" என்றார்.

"லாகின் அவங்களோடதுதான் சார்," என்று மேலாளர் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

முதல்வர் கெட்டவரில்லை. நியாயமாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றது எனக்குப் புரியலைம்மா. இதைப் படிச்சுப் புரிஞ்சுக்கறவங்க இந்தக் கல்லூரியில வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல மேடம். நான் மட்டும்தான்."

"அப்ப நீங்க சொல்றது சரின்னு நான் யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது?"

அவள் அச்செடுத்த தாளை மடித்துக்கொண்டாள். பதினோரு வருடம் ஒருத்தியே கட்டி இழுத்ததற்குக் கிடைத்த மரியாதை இது.

அவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, அதை ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சோதனை, நிஜமாக அனுப்பத்தான் தனியாக ஒரு சொல் தட்ட வேண்டும் என்று ஏன் தலைகீழாக எழுதி வைக்கவில்லை? இரண்டு வரி வேலை. அவளுக்கு அது எத்தனையோ தடவை தோன்றியது. நாம்தானே ஓட்டுகிறோம், நமக்கு எதற்கு என்று தள்ளிப் போட்டாள். விசாரணை அறையில் அந்தக் கேள்விக்காகப் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், அது வராததில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

முடிவு ஒரே வாரத்தில் வந்தது. ஊழியரின் கவனக்குறைவு. நிரந்தர இடம் ரத்து. ஆனால் விண்ணப்பப் பணி தடைபடக் கூடாதென்பதால் தற்காலிகப் பணி தொடரும். வேறு ஆள் கிடையாதே, வேலையை விட்டுத் துரத்தவும் முடியவில்லை. நிலைமையைத் திறமையாகச் சமாளித்த மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம். மறுப்புச் செய்தியை அனுப்புகிற வேலையும், அதற்குப் பிறகு வருகிற அழைப்புகளை எடுக்கிற வேலையும் அவள் தலையில்.

நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவளே அனுப்பினாள். மூன்றாம் நாளும் அழைப்புகள் ஓயவில்லை. மேலாளர் மேசைக்கு எதிரே இருந்த தொலைபேசி அடித்தது, அவள் போய் எடுத்தாள்.

"என் பொண்ணு துணிக்கடை வேலைய விட்டுட்டு வந்துட்டாம்மா," என்றது ஒரு பெண் குரல். "மூணு வருஷமா நின்ன காலோட பாத்த வேலை. முதலாளிகிட்ட, இனிமே நான் நர்சுன்னு சொல்லிட்டு வந்தா. இப்ப போய்க் கேட்டா, வேற ஆள் போட்டாச்சுங்கறான். நேத்துலேர்ந்து எந்திரிக்க மாட்டேங்கறா. எழுந்து ஒரு வாய் தண்ணி குடிடின்னா சுவத்துப் பக்கம் திரும்பிக்கறா."

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. தவறுதலா..."

"தவறுதலான்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. யாரு பண்ணது? அத மட்டும் சொல்லு. நாலு தடவ போன் பண்ணிட்டேன், ஒருத்தர் வாயிலயும் வர மாட்டேங்குது."

எதிரே மேலாளர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கேள்விக்குறி இருந்தது, லாகின் இருந்தது, திறந்து வைத்துவிட்டுப் போ என்ற உத்தரவு இருந்தது. படித்த மூன்று பேருக்குப் புரியாததை இந்த அம்மாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதைவிட, எழுதாமல் விட்ட அந்த இரண்டு வரி நினைவில் வந்து நின்றது. அதைத் தட்டியிருந்தால் அந்தப் பெண் இன்று கடையில் நின்றுகொண்டிருப்பாள்.

"நான்தாம்மா," என்றாள்.

அந்த அம்மா திட்ட ஆரம்பித்தாள். அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டாள்.