இரண்டாம் பாகத்தில் வந்த அம்மா

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆயிற்று. யார் மேல் என்று கேட்டால், ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் என்னோடு புழங்கும் என் ஓரகத்தி மேல்தான். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஓசூர் பக்கமிருந்து வந்தவள். காலேஜ் முடித்தவள். அவள் மேல் சொல்வதற்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு அவள் மேலிருந்த முதல் குறை.

எங்களுக்கு மாரண்டஹள்ளி பக்கம் தக்காளித் தோட்டம். அவள் வந்த புதிதில் ஒரு நாள் பழம் பறிக்க வந்து, வெயிலில் மயங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு மூத்தவள் தோட்டத்துக்கு, இளையவள் வீட்டுக்கு என்று ஆகிவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

தக்காளிச் செடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் பறித்தால் கையில் பச்சையாக ஒரு கறை ஏறும். மதியத்துக்குள் அது கறுத்துவிடும். சோப்புக்கெல்லாம் போகாது. ஒரு காய்த் தக்காளியை நசுக்கித் தேய்த்தால் பாதி போகும். மீதிப் பாதி சோற்றில் கசக்கும். எனக்கு அது பழகிப்போன ருசி. மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குப் பழகவில்லை. ஒரு நாள் வாயில் வாங்கிய கவளத்தை அப்படியே துப்பிவிட்டாள்.

"உன் கை கசக்குதும்மா. சித்தி ஊட்டட்டும்."

சித்தியின் கை வெள்ளைவெளேரென்று இருக்கும். நகத்தில் ரோஸ் கலர் பாலிஷ் வேறு. அன்றிலிருந்து ராத்திரிச் சோறு அந்தக் கையில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பசி இல்லாதவள் போல என் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். பசியில் அல்ல.

எனக்கென்று மிஞ்சியது சனிக்கிழமை மட்டும்தான். சனிக்கிழமை மதியம் ஒரு சேனலில் வெளிநாட்டு விஞ்ஞானக் கதைகளைத் தமிழில் போடுவார்கள். ராக்கெட், வேறு கிரகம், காலம் முன்னும் பின்னும் போவது என்று வாரம் ஒரு கதை. நானும் மகளும் ஒன்றுவிடாமல் பார்ப்போம். அவள் என் மடியில் சாய்ந்துகொள்வாள், சந்தேகம் கேட்பாள். எனக்குத் தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்வேன். ஓரகத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்கு மண்டையில ஏறாதுங்கக்கா" என்று போய்விடுவாள். பட்டப்படிப்பு படித்தவளுக்கு ஏறாதது எனக்கு ஏறுகிறது என்பதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

ஒரு சனிக்கிழமை இரண்டு பாகக் கதை ஒன்று வந்தது. முதல் பாகத்தில் ஒரு அம்மா, சின்னப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு, பயிர் வளர்த்துப் பார்க்க வேறு கிரகத்துக்குப் போகிறாள். வேலையை முடித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டினால், கதவைத் திறப்பது அவளே. அதே முகம், அதே குரல், அதே சட்டை. உள்ளே மேஜையில் அவள் பெண் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பதோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு அதே பேச்சுதான். யார் நிஜம்? எப்படிக் கண்டுபிடிப்பாள்? "போயிட்டு வந்தவதான் கண்ணு நிஜம்" என்று நான் அடித்துச் சொன்னேன். மகள் சித்தி இருந்த அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அது என்னைக் குத்தியது.

அடுத்த சனிக்கிழமை பார்த்துத் தக்காளிக்கு விலை ஏறியது. கூலிக்கு ஆள் இல்லை. சாயங்காலத்துக்குள் பறித்து வண்டியில் ஏற்றியாக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நின்றார். கிளம்பும்போது ஓரகத்தி, "நீங்க போங்கக்கா, பாப்பாகூட நான் உக்காந்து பாக்கறேன்" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

பகலெல்லாம் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்டு நிற்காதா என்று பார்த்தேன். விவசாயியின் பெண்டாட்டி வேண்டிக்கொள்ளக் கூடாத வேண்டுதல் அது. மோட்டார் நிற்கவில்லை. வீட்டில் டிவி ஓடுகிறது, என் மகள் அவள் மடியில் சாய்ந்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்தே ஒவ்வொரு பழத்தையும் திருகினேன். காயும் பழமும் பாராமல் பறித்ததற்கு வீட்டுக்காரரிடம் திட்டும் வாங்கினேன்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "கதை என்னாச்சு?" என்று கேட்டேன்.

"நிஜ அம்மாகிட்டயே பாப்பா போயிடுச்சு."

"எப்படிக் கண்டுபிடிச்சுது?"

மகள் சித்தியைப் பார்த்தாள். சித்தி மகளைப் பார்த்தாள். "அதைச் சொல்ல மாட்டோம்" என்று மகள் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

'மாட்டோம்.' அந்த ஒரு வார்த்தையில் நான் வீட்டுக்கு வெளியே நின்றேன்.

அன்று ராத்திரி மகள் அதிசயமாக என்னிடம் வாயைக் காட்டினாள். ஊட்டினேன். முகத்தைச் சுளித்தாள். உடனே சித்தியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாளும் அப்படித்தான். முதல் கவளம், சுளிப்பு, சிரிப்பு. என் கையை வைத்து இருவரும் கேலி பேசுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மாரண்டஹள்ளி போய் ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். அந்த வாரமெல்லாம் கையுறையோடு பறித்தேன். கறை மெல்ல மங்கி, கை பழையபடி கையானது. பெருமையாகச் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

மகள் மென்றாள். நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். "கசக்கலையே" என்றாள். அடுத்த வாய் வாங்கவில்லை. அழுகிற மாதிரி எழுந்து போய்விட்டாள். கசந்தாலும் குற்றம், கசக்காவிட்டாலும் குற்றமா என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மதியம் அதே சேனலில் அதே இரண்டாம் பாகம் மறுபடி ஓடியது. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் கடைசியில் வீட்டிலேயே இருந்தவளின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். போய்விட்டு வந்தவள் திரும்ப ராக்கெட்டில் ஏறினாள். அவள்தான் பெற்றவள். ஆனாலும் ஏறினாள்.

காய்ச்சலோடு அடுப்படிக்குப் போனேன். "பாப்பா வேற மாதிரியில்ல சொன்னா? ரெண்டு பேருமா சேந்து எனக்குப் பாவம் பாத்தீங்களா?" என்று கத்தினேன்.

ஓரகத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நாங்க பாக்கவே இல்லைங்கக்கா. கரண்டு இல்ல."

"தோட்டத்துல மோட்டார் ஓடுச்சே!"

"அது வேற டிரான்ஸ்பார்மருங்களேக்கா. ஊரு டிரான்ஸ்பார்மரு காலையிலயே போயிடுச்சு. நீங்க வரதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சரிபண்ணாங்க."

எனக்கும் தெரிந்ததுதான். ஊருக்கு ஒன்று, தோட்டங்களுக்கு ஒன்று. அன்று பொறாமையில் மறந்துபோயிருந்தேன்.

"பாப்பா ஒரே அழுகை. எனக்கு மொதப் பாகமே நீங்க ரெண்டு பேரும் பேசி கேட்டதுதான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"என்னன்னு சொன்னே?"

தயங்கினாள். "ரெண்டு பேரும் சோறு பெசைஞ்சு ஊட்டுறாங்கன்னு சொன்னேன். ஒருத்தவங்க கை இனிக்குது, ஒருத்தவங்க கை கசக்குது. கசக்கற கைதான் நிஜ அம்மா, அவங்கதான் அங்க போயி செடியில பாடுபட்டவங்கன்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேங்கக்கா. மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

தினமும் முதல் கவளத்தில் என் மகள் செய்தது கேலி இல்லை, சோதனை. நான்தானா என்று சரிபார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். கையுறையால் கறை போன கை ஊட்டியபோது எதிரே வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாகப் பயந்திருக்கிறாள். அதற்கு நான் அடி வேறு கொடுத்திருக்கிறேன்.

நன்றி வர வேண்டிய இடம். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. டிவிக்காரர்களுக்கே தோன்றாத முடிவு இவளுக்குத் தோன்றியிருக்கிறது. என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுப்பதற்கும் இவள் கைதான் வேண்டியிருந்திருக்கிறது.

காய்ச்சல் விட்டதும் வெறுங்கையோடு பறிக்கப் போனேன். ராத்திரி மகள் முகம் சுளித்தபோது எனக்கு உயிர் வந்தது. நிஜமான இரண்டாம் பாகத்தை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பறிப்பு முடியுமுன் ஓரகத்தி, "ஆள் பத்தலைன்னா நானும் வரங்கக்கா" என்று கிளம்பி நின்றாள். நான் உள்ளே ஓடிப் போய் அந்தக் கையுறையை எடுத்து வந்து, விரல் விரலாக அவள் கையில் மாட்டி, மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன்.

"இதைக் கழட்டவே கூடாது. உன் கையில ஒரு பொட்டு கறை ஏறக் கூடாது, ஆமா."

அக்காவுக்குத் தன் மேல் எவ்வளவு பிரியம் என்று அவள் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.